கோழிக்காலும் ஆட்டுக்குடலும்: திசுக்களைக் கையால் படிப்பது எப்படி

மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.முக்கு உயிரியல் எடுக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று நான்கு பெயர்களையும் மலாயில் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். உடனே தட்டில் கிடக்கும் கோழிக்காலைக் காட்டி, "இதில் இணைப்புத் திசு எங்கே?" என்று கேளுங்கள். பேச்சு நின்றுவிடும். எலும்பு, குருத்தெலும்பு, ஜவ்வு, கொழுப்பு என்று தட்டு முழுக்க அதுதான் கிடக்கிறது. பிள்ளைக்குத் தெரியாது, ஏனென்றால் அது படித்தது வண்ணப் படத்தில் நான்கு கட்டங்களை.

நான் பினாங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை. கண்ணாடித் தகடு கழுவுவதும், நுண்ணோக்கியைத் துடைத்து எண்ணிப் பூட்டுவதும் என் வேலை. ஆனாலும் வகுப்பின் பின்வரிசையில் நின்று பார்ப்பவளுக்கு ஒன்று தெரிந்துவிடும்: கையால் தொட்ட பிள்ளை மறப்பதில்லை. இப்போது ஜெலுத்தோங்கில் என் வீட்டுச் சமையலறைதான் ஆய்வுக்கூடம். பேத்தியும் அவள் தோழிகளும்தான் வகுப்பு.

இந்த முறை எனக்குச் சொந்தமானதும் அல்ல. திசு என்ற கருத்தையே மருத்துவத்தில் நிலைநாட்டிய பிரெஞ்சு மருத்துவர் சேவியர் பிஷா நுண்ணோக்கியை நம்பாதவர். உடல் உறுப்புகளை வெட்டினார், இழுத்தார், ஊறவைத்தார், காயவைத்தார், கொதிக்கவைத்தார், அமிலத்தில் போட்டார். ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தே உடலில் 21 வகைத் திசுக்கள் இருப்பதாக 1801இல் எழுதினார். மறு ஆண்டே 30 வயதில் இறந்தும் போனார். பின்னால் மேம்பட்ட நுண்ணோக்கி வந்து அந்த இருபத்தொன்றையும் நான்குக்குள் அடக்கியது உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்விகள் இன்றும் நல்ல கேள்விகள். வெட்டினால் என்ன ஆகிறது? இழுத்தால்? வேகவைத்தால்? புளிப்பில் ஊறவைத்தால்? ஒரு திசு செய்யும் வேலை எதுவோ, அதற்கேற்றபடிதான் அது கத்திக்கும் விரலுக்கும் பதில் சொல்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மற்றதெல்லாம் செய்முறை.

வாங்க வேண்டியவை

சௌராஸ்தா சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கம்பத்துக் கோழியாக, அதாவது நாட்டுக்கோழியாகக் கேளுங்கள். பண்ணைக் கோழி சில வாரங்களிலேயே கடைக்கு வந்துவிடுவதால் அதன் எலும்பு முனைகள் இன்னும் பிஞ்சாக இருக்கும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் மெலிந்திருக்கும். தொடை, கால், பாதம், நகம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தபடி, தோலோடு, மூட்டில் வெட்டாமல் ஒரு முழுக் கால் வேண்டும். கூடவே கோழியின் இதயம், ஈரல், மலாய்க்காரர்கள் ஹெம்பெடால் என்று சொல்லும் அரைவைப்பை ஆகியவற்றையும் வாங்குங்கள். அரைவைப்பையின் உள்தோலை உரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆட்டுக்கடையில் ஒரு சாண் சிறுகுடலும் மூச்சுக்குழலில் ஒரு துண்டும் போதும். குடலைச் சுரண்டிக் கழுவ வேண்டாம் என்று நான் சொன்னால் கடைக்கார பாய் ஒவ்வொரு முறையும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, கழுவாமல் எப்படிச் சமைப்பீர்கள்?" என்பார். "சமைப்பதற்கு இல்லை பாய், படிப்பதற்கு" என்றால் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றித் தருவார். சுரண்டிவிட்டால் நாம் பார்க்க வந்ததே போய்விடும். உறைந்த இறக்குமதி ஆட்டிறைச்சியும் வேண்டாம். உறையும்போது ஐஸ் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால் கொழகொழவென்று ஆகிவிடும்.

திரும்பும் வழியில் சந்தையின் மேல்மாடிப் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பழைய உயிரியல் நூல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. வண்ணம் கண்ணை ஏமாற்றும்.

வீட்டில் கூரான சிறு கத்தி, கத்தரிக்கோல், முள் பிடுங்கும் இடுக்கி, கறி கோத்துச் சுடும் சாத்தே குச்சிகள் சில, வெள்ளைப் பீங்கான் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு பாட்டில் வினிகர் ஆகியவை இருந்தால் போதும். மேசையில் பழைய நாளிதழைத் தடிமனாக விரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கண்டிப்பு. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் இருக்கக்கூடும். குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் நீரோடு கிருமியும் சமையலறை முழுக்கப் பரவும். நம் ஊர் வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறைச்சியை வெளியில் வைக்கக் கூடாது. பாதியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டியதை வேண்டியபோது எடுங்கள். இன்னொன்று, தைப்பூச விரத நாளிலோ புரட்டாசி சனியிலோ இதைத் தொடங்கினால் வீட்டில் நடக்கும் சண்டைக்கு நான் பொறுப்பல்ல. அந்த நாட்களுக்கென்று கன்னத்துச் செல் சோதனை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

தோலிலிருந்து தொடங்குங்கள்

தொடைத் தோலின் ஓரத்தை இடுக்கியால் பிடித்து மெதுவாக, மிக மெதுவாகத் தூக்குங்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவில் சிலந்தி வலை போன்ற ஈரமான மெல்லிழைகள் நீண்டு வந்து அறும். இதுதான் தளர்ந்த இணைப்புத் திசு. அதில் மஞ்சள் கட்டிகளாக ஒட்டியிருப்பது கொழுப்புத் திசு, அதுவும் இணைப்புத் திசுவின் ஒரு வகையே. ஒன்று பிணைக்கிறது, மற்றது ஆற்றலைச் சேமித்து வெப்பத்தையும் காக்கிறது. தோல் தசையின் மேல் வழுக்கி நகர வேண்டும், ஆனால் கழன்று விழக் கூடாது. அதற்கு இவ்வளவு மெல்லிய, இழுத்தால் நீளும் திசுதான் சரி.

உரித்த தோலை இரு கைகளாலும் எல்லாத் திசையிலும் இழுத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் எளிதில் கிழியாது. கிழியாமல் தாங்குவது மேலே உள்ள எபிதீலியம் அல்ல, அதன் அடியில் கொலாஜன் என்னும் உறுதியான புரத இழைகள் பல திசையிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் அடித்தோல். எபிதீலியம் அதன் மேல் ஒரு மெல்லிய படலம் மட்டுமே. அதைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் பாதத்துக்கு வாருங்கள். வெந்நீரில் போட்டெடுத்த கோழிப் பாதத்தில் மஞ்சள் நிற மேலுறை கழன்று வருமே, அது கெரட்டின் என்னும் புரதம் நிறைந்து செத்துக் கடினமான எபிதீலியச் செல்களின் அடுக்கு. தேய்மானம் தாங்குவது அதன் வேலை. தேய்ந்ததை அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வந்து ஈடுசெய்யும்.

எபிதீலியத்தில் இரத்தக் குழாய் கிடையாது. அடியில் உள்ள இணைப்புத் திசுவிலிருந்துதான் அதற்குச் சத்து ஊறி வருகிறது. வெங்காயம் நறுக்கும்போது விரல் நுனியில் மேலாகச் சீவிவிட்டால் சில நேரம் இரத்தமே வராது. கத்தி எபிதீலியத்தைத் தாண்டவில்லை என்று பொருள்.

எபிதீலியம் என்றாலே மூடி மறைப்பது மட்டும்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்டுச் சிறுகுடலை நீளவாக்கில் வெட்டி விரித்து, தட்டில் நீர் ஊற்றி அதில் மூழ்கவிடுங்கள். சாய்வாக விளக்கொளி படும்படி வைத்து உருப்பெருக்கியால் பார்த்தால் உள்பக்கம் முழுக்கச் சின்னஞ்சிறு விரல்கள் நீரில் ஆடும். இவை குடலுறிஞ்சிகள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரமோ அதற்கும் குறைவோதான். ஒவ்வொன்றையும் ஒற்றை வரிசைத் தூண் வடிவச் செல்கள் போர்த்தியிருக்கின்றன. உணவை உறிஞ்சும் இடத்தில் பல அடுக்குத் தோல் இருந்தால் ஒன்றும் உள்ளே போகாது; அதனால் இங்கே ஒரே அடுக்கு. ஒரே அடுக்கு என்பதால் சீக்கிரம் சேதமாகும். அதனால் நம் குடலில் இந்தச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. நுரையீரலின் காற்றுப்பைகளில் இன்னும் மெல்லிய தட்டைச் செல்கள், ஆக்சிஜன் கடக்க வேண்டுமே. சிறுநீரக நுண்குழல்களில் கனசதுரச் செல்கள். வடிவத்தைச் சொன்னால் வேலையைச் சொல்லலாம், வேலையைச் சொன்னால் வடிவத்தை ஊகிக்கலாம்.

மூச்சுக்குழல் துண்டின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருக்கும். சளி சுரக்கும் செல்களும், நுண்ணிய குறுமயிர்கள் கொண்ட தூண் செல்களும் அங்கே உள்ளன. அந்த மயிர்கள் அசைந்து அசைந்து தூசியையும் சளியையும் தொண்டைப் பக்கம் தள்ளும். சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் நாம் காலையில் காறித் துப்புவது இவற்றின் உழைப்புதான். வெளிப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் வளையங்கள் குருத்தெலும்பு. ஆட்டுக்கு வளையம் பின்புறம் திறந்திருக்கும், நமக்கும் அப்படியே. கோழிக்கு முழு வளையம்.

ஈரலைப் பற்றி ஒரு வரி: அதன் செல்களில் பெரும்பாலானவை எபிதீலிய வகையே, சுரப்பதற்காக அமைந்தவை. கோழியின் வாலருகே சமைக்கும்முன் வெட்டி எறியும் எண்ணெய்ச் சுரப்பியும் அந்தக் குடும்பம்தான்.

தசையும் அதைக் கட்டும் நாணும்

இதுதான் பிள்ளைகள் கூச்சலிடும் பகுதி. காலில் தோலை முழுக்க உரித்துவிட்டு, தசைகளுக்கு இடையே விரல் நுனியை நுழைத்துப் பிரியுங்கள். கத்தி வேண்டாம். ஜவ்வு வழிவிடும், ஒவ்வொரு தசையும் தனித்தனியே கழன்று வரும். பின்பக்கத் தசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் வெள்ளி நிறத்தில் பளபளக்கும் ஒரு நாண் தெரியும். தசையைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். பாதத்தின் விரல்கள் மடங்கும். முன்பக்கத் தசையை இழுத்தால் விரல்கள் விரியும். தசை சுருங்கி இழுக்க மட்டுமே தெரிந்தது, தள்ளத் தெரியாது. ஆகவே ஒவ்வோர் அசைவுக்கும் எதிரும் புதிருமாக இரண்டு தேவை. இதைப் படத்தில் பத்து முறை பார்ப்பதும், செத்த கோழியின் விரல் உங்கள் கையில் மடங்குவதும் ஒன்றல்ல.

அந்த நாணை வெட்டிப் பாருங்கள். கத்தி வழுக்கும். நீளவாக்கில் குச்சியால் கீறினால் இழை இழையாகப் பிரியும், இரு முனையையும் பிடித்து நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறாது. கொலாஜன் இழைகள் அனைத்தும் ஒரே திசையில் அணிவகுத்திருப்பதால் வந்த வலிமை. தோலில் பல திசை, இங்கே ஒரு திசை. இழுவை எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கேற்பவே அமைப்பு. தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண், எலும்பை எலும்போடு சேர்ப்பது பந்தகம். பிள்ளைகள் தேர்வில் மாற்றி எழுதுவது இந்த இரண்டையும்தான். முழங்கால் மூட்டைத் திறந்து பார்த்த பிள்ளை மாற்றி எழுதாது.

வேகவைத்த கோழியை நாராகப் பிய்க்கும்போது கைக்கு வருவது ஒரு செல் அல்ல, நூற்றுக்கணக்கான தசைநார்களின் கற்றை. ஒரு நார்தான் ஒரு செல். அதன் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கும். உட்கருக்கள் பல, குறுக்கே வரிகள், நம் விருப்பப்படி இயங்கும். இது எலும்புத் தசை. தொடைக்கறி கருஞ்சிவப்பாகவும் நெஞ்சுக்கறி வெளுப்பாகவும் இருப்பதற்குக் காரணம் மயோகுளோபின். நாள் முழுக்க நிற்கும் கால்களுக்கு ஆக்சிஜனைச் சேமித்துத் தரும் புரதம் அதிகம் வேண்டும்; திடீரென்று சிறகடிக்கும் நெஞ்சுக்கு அவ்வளவு வேண்டாம். இறைச்சித் தட்டில் வடியும் சிவப்பு நீரும் பெரும்பாலும் இந்தப் புரதம் கலந்த நீரே.

அடுத்து இதயத்தைக் குறுக்கே வெட்டுங்கள். இடக்கீழறையின் சுவர் தடித்திருக்கும், உடல் முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அதுதானே. இதைத் தொடைக்கறியைப் போல நாராகப் பிய்க்க முயன்றால் வராது. இதயத் தசைச் செல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருக்கின்றன. வரிகள் உண்டு, ஆனால் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. செல்கள் சேரும் இடங்களில் உள்ள இடைத்தட்டுகள் வழியே மின்தூண்டல் பாய்வதால் எல்லாம் ஒன்றாகச் சுருங்கும்.

அரைவைப்பையை இரண்டாக வெட்டினால் உள்ளே மஞ்சள் உறை உரிந்து வரும். அது செல் அடுக்கு அல்ல, சுரப்பிகள் சுரந்து இறுகிய கவசம். அதைச் சுற்றியிருக்கும் கெட்டியான சிவப்புத் தசை மென்தசை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். மென்தசை என்பது தொட்டால் மெதுவாக இருப்பது அல்ல. நுண்ணோக்கியில் வரிகள் இல்லாதது, இரு முனையும் கூம்பிய செல்களால் ஆனது, தானாக இயங்குவது. குடல் சுவரிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் கருப்பையிலும் இருப்பது இதே வகை.

நரம்பைத் தேடுவது

தொடையின் வெளிப்பக்கத்தில், பின்புறத் தசைகளைப் பிரித்துக்கொண்டு எலும்பை நோக்கிப் போங்கள். இரத்தக் குழாயை ஒட்டியபடி பால் வெள்ளையில் ஒரு கயிறு ஓடும். சமையலறையில் தசைநாண், இரத்தக் குழாய், நரம்பு மூன்றையுமே நரம்பு என்கிறோம். ஆகவே சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதைப் பின்தொடர்ந்து போங்கள். தசைநாண் எலும்பில் போய் முடியும். குழாய் என்றால் நடுவில் துளை இருக்கும், அழுத்தினால் இரத்தம் வரலாம். நரம்போ முழங்காலை நெருங்கும்போது இரண்டாகக் கிளைத்து, மேலும் மேலும் மெலிந்து தசைக்குள் மறையும். இதைச் சாத்தே குச்சியால் மெதுவாகத் தூக்கிக் காட்டுங்கள், இழுத்தால் போச்சு.

கையில் இருப்பது ஒரு நரம்புச் செல் அல்ல. ஆயிரக்கணக்கான செல்களின் நீண்ட இழைகளை இணைப்புத் திசு உறை ஒன்றாகக் கட்டியிருக்கிறது. அந்தச் செல்களின் உடலும் உட்கருவும் தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருந்தன. கடைக்காரர் கத்தியோடு போயின. நம் உடலில் இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும் இழைகள் உண்டு. மயலின் என்னும் கொழுப்புறை போர்த்திய வேகமான இழைகளில் செய்தி நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாய்கிறது. நரம்பின் வெள்ளை நிறமே அந்தக் கொழுப்பினால் வந்தது. ஆட்டு மூளை வாங்கியிருந்தால் அழுத்திப் பாருங்கள், விரல் பட்டாலே குழையும். கொலாஜன் மிகக் குறைவு. தாங்கும் வேலையை மண்டை ஓட்டிடமும் உறைகளிடமும் விட்டுவிட்டது.

மூட்டு, எலும்பு, இரத்தம்

முழங்கால் மூட்டைத் திறந்தால் எலும்பின் தலையில் நீலம் கலந்த வெண்மையில் வழுக்கும் ஒரு தொப்பி தெரியும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து திரும்ப எழும். இது குருத்தெலும்பு. இதிலும் இரத்தக் குழாய் இல்லை. தேய்ந்தால் ஆறுவது மிகக் கடினம். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறி இறங்கிய பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் என் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எலும்புச் சோதனைக்குப் பொறுமை வேண்டும். கறியை வழித்து எடுத்த கால் எலும்பை மூடி போட்ட பாட்டிலில் வினிகரில் மூழ்கவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்தால் எலும்பு வளையும். கடினம் தந்த கால்சியம் உப்புகள் அமிலத்தில் கரைந்துவிட்டன, மிஞ்சியது கொலாஜன். இன்னொரு எலும்பை நீண்ட நேரம் கொதிக்கவைத்தால் இதற்கு எதிர்ப்பக்கம் நடக்கும்: கொலாஜன் நீரில் இறங்கி ஜெலட்டின் ஆகும். ஆட்டுக்கால் சூப் உதட்டில் ஒட்டுவதும், மறுநாள் குளிர்பெட்டியில் கெட்டியாக நிற்பதும் அதனால்தான். வளையும் கொலாஜனும் நொறுங்கும் உப்பும் கலந்தால் வளையவும் நொறுங்கவும் செய்யாத எலும்பு கிடைக்கிறது.

இரத்தத்தை இணைப்புத் திசு என்றால் பிள்ளைகள் சிரிக்கும். இணைப்புத் திசுவின் அடையாளம் செல்கள் தள்ளித் தள்ளி இருப்பதும், இடையே வேறு பொருள் நிறைந்திருப்பதும். எலும்பில் அந்த இடைப்பொருள் கெட்டி, குருத்தெலும்பில் நெகிழ்வு, இரத்தத்தில் நீர்மம். நம் இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் அந்த நீர்மம் ஏறத்தாழ 55 விழுக்காடு, மற்றவை செல்கள். சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் பிறந்து ஏறத்தாழ 120 நாட்கள் சுற்றும். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, கோழிக்கு உண்டு. பள்ளி நுண்ணோக்கியிலேயே இந்த வேறுபாடு தெரியும்.

நுண்ணோக்கி கிடைத்தால்

வாயை நீரால் கொப்பளித்து, பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாக உருட்டித் தேயுங்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் தடவி, மெத்திலீன் நீலம் ஒரு சிறு துளி விடுங்கள். சாயத்தை அள்ளி ஊற்றுவதே பிள்ளைகளின் வழக்கம். எல்லாம் நீலமாகி ஒன்றும் தெரியாது. மூடுதகட்டைச் சாய்த்து ஒரு விளிம்பை முதலில் வைத்து மெதுவாக இறக்கினால் காற்றுக் குமிழி சிக்காது. முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் தேடுங்கள், பிறகு 400 மடங்கு. தட்டையான, ஒழுங்கற்ற விளிம்புள்ள செல்களும் நடுவில் நீல உட்கருவும் தெரியும். முடிந்ததும் பஞ்சுக்குச்சியையும் தகட்டையும் கிருமிநாசினியில் போடுங்கள்.

தேர்வுப் படத்தைப் பார்க்கும்போது வண்ணத்தை நம்பாதீர்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் சாயத்தின் நிறங்கள். உட்கருவை ஊதாவாக்கும் ஹெமடாக்சிலின் நடு அமெரிக்கப் பகுதியின் ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையிலிருந்து எடுக்கப்பட்டது. முதலில் செல்களுக்கிடையே இடைவெளி உண்டா என்று பாருங்கள். நெருக்கமாக ஒட்டி, ஒரு பக்கம் வெற்றிடம் இருந்தால் எபிதீலியம். செல்கள் சிதறி, இடையில் பொருள் நிறைந்திருந்தால் இணைப்புத் திசு. நீண்ட செல்கள் இணையாக ஓடினால் தசை. அதன் பிறகு வரி உண்டா, கிளை உண்டா என்று பாருங்கள். ஒரு செல்லிலிருந்து பல கைகள் நீண்டால் நரம்பு.

மேசையை ஒழிக்கும்போது வெளியில் கிடந்த இறைச்சியைச் சமைக்க எடுக்காதீர்கள். நாளிதழோடு சுருட்டி, இரண்டு பைகளில் கட்டி எறியுங்கள், இல்லையென்றால் தெருப் பூனைகள் இரவெல்லாம் இழுத்துப் போடும். கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவி, குளோராக்ஸ் வெளுப்பான் கலந்த நீரில் நனைத்து எடுங்கள். எலும்பு ஊறும் வினிகர் பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். எழுதாவிட்டால் வீட்டில் யாராவது அதை ஊறுகாய்க்கு எடுத்துவிடுவார்கள்.